குமுத் பாவ்டேயின் சமஸ்கிருதம்: மொழி வசப்பட்டது, கதவு திறந்ததா?

சமஸ்கிருதத்திற்கு எவ்வளவு, தமிழுக்கு எவ்வளவு என்ற கணக்கு 2025-ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை தமிழ்நாட்டின் பேச்சாயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி வெளிவந்த விவரத்தின்படி, 2014-15 முதல் 2024-25 வரை ஒன்றிய அரசு சமஸ்கிருத வளர்ச்சிக்குச் செலவிட்டது 2,532.59 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துச் செலவிட்டது 147.56 கோடி ரூபாய். அதில் தமிழின் பங்கு 113.48 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்களோ 24,821 பேர்தான். இவ்வெண்களை அடுத்தடுத்து வைத்தாலே அநீதி விளங்கிவிடும். இதை எதிர்த்துத் தமிழ்நாடு எழுப்பும் குரலில் நம் குரலும் உண்டு.

இருப்பினும், இந்த விவாதத்தில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுப் போகிறது. சமஸ்கிருதத்தின் பெயரால் ஒதுக்கப்படும் இத்தனை கோடியும் யாருடைய நாற்காலிக்கு, யாருடைய ஆய்வுக்கு, யாருடைய வாழ்வுக்குச் செல்கிறது? சேரியில் பிறந்த ஒருவர் அந்த மொழியை முழுமையாகக் கற்றுத் தேர்ந்து வந்தால், அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்குமா? இரு மொழிகளுக்கு இடையேயான வழக்காக மட்டும் இதைப் பார்ப்பவர்களுக்கு இக்கேள்வி எழுவதில்லை. சாதியின் வழக்காகப் பார்க்கும் நமக்கு இதுவே முதல் கேள்வி.

இதற்கு விடையாக ஒரு வாழ்க்கை நம்முன் இருக்கிறது. நாக்பூரில் மகர் குடும்பத்தில் 1938-இல் பிறந்து, சமஸ்கிருதத்தில் முதுகலை முடித்து, அம்மொழியின் பேராசிரியராகப் பணியாற்றி, 2023-இல் மறைந்த குமுத் பாவ்டேயின் வாழ்க்கைதான் அது. எருமப்பட்டியில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு அமர்ந்து அவரைப் பற்றிப் பேசியபோது, முதலில் எழுந்த கேள்வி இதுதான்: 'நமக்கு எதற்கு ஒரு சமஸ்கிருதப் பண்டிதையின் கதை?' நியாயமான கேள்வி. அதற்கான விடையே இக்கட்டுரை.

வெளியே நின்ற சிறுமி

குமுத் பாவ்டே தம் தன்வரலாற்றுக் கட்டுரைகளை 'அந்தஸ்ஃபோட்' என்ற பெயரில் 1981-இல் மராத்தியில் நூலாக வெளியிட்டார். அதில் தாம் சமஸ்கிருதம் கற்ற கதையைச் சொல்லும் கட்டுரை, அர்ஜுன் டாங்ளே தொகுத்து 1992-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த மராத்தி தலித் இலக்கியத் தொகுப்பின் வழியே இந்தியா முழுவதும் அறியப்பட்டது. இன்று பல பல்கலைக்கழகங்களில் அது பாடமாக உள்ளது.

சிறுவயதில் உபநயன விழா ஒன்றை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சாதியைச் சொல்லி விரட்டப்பட்ட அனுபவத்தை அவர் எழுதுகிறார். உள்ளே ஓதப்பட்ட மந்திரங்கள் அவர் காதில் விழுந்தன. அவற்றைக் கேட்கவும் தனக்கு உரிமையில்லை என்பதும் கூடவே விழுந்தது. அந்த மொழியைக் கற்றே தீருவது என்ற முடிவு அங்கே தொடங்கியது.

பள்ளியில் அவருக்கு வாய்த்தவர் கோகலே குருஜி என்னும் பிராமண ஆசிரியர். தோற்றத்திலும் பழக்கவழக்கத்திலும் ஆசாரமானவர். இவர் நமக்குக் கற்பிக்க மாட்டார் என்று அஞ்சிச் சென்ற மாணவிக்கு அவர் வேறுபாடு பாராமல் கற்றுக்கொடுத்தார். இதைக் குமுத் மறைக்கவில்லை. நன்றியோடு பதிவு செய்கிறார். ஒரு நல்ல ஆசிரியர் இருந்தார் என்பதும், அந்த ஒரு நல்ல ஆசிரியரால் அமைப்பை மாற்ற இயலவில்லை என்பதும் ஒரே வாழ்க்கையின் இரு உண்மைகள். தனிமனிதர்களின் நற்குணத்தைக் காட்டி சாதி ஒழிந்துவிட்டது என்று வாதிடுவோர் இரண்டாவது உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஏனெனில் அடுத்த படியிலேயே அவர் எதிர்கொண்டது வேறு. முதுகலை வகுப்பில் துறைத் தலைமையின் வெறுப்பு. அலுவலக உதவியாளர் வரை நீண்ட ஏளனம். அரசு உதவித்தொகையில் படிக்க வந்தவர்கள் என்ற குத்தல். இவற்றையெல்லாம் தாண்டி அவர் பட்டம் பெற்றார். பாராட்டுகள் குவிந்தன. வேலை மட்டும் வரவில்லை. நேர்காணலுக்குப் போன இடங்களில் சிரிப்பு எதிர்கொண்டது. மனம் வெறுத்து, அன்றைய ஒன்றிய அமைச்சர் ஜகஜீவன் ராமுக்குக் கடிதம் எழுதினார். அது பிரதமர் நேருவரை சென்றது. பாராட்டும் 250 ரூபாய் பரிசும் வந்தன. மாநில முதலமைச்சரைச் சந்திக்கும்படி அறிவுரை வந்தது. முதலமைச்சரிடமிருந்து வாக்குறுதி வந்தது. வேலை அப்போதும் வரவில்லை.

தீண்டாமையைச் சட்டம் ஒழித்து ஓராண்டு ஈராண்டு அல்ல, பத்தாண்டு அளவில் கடந்த பின்பு நடந்தது இது. நாட்டின் பிரதமரே பாராட்டிய ஒரு பட்டதாரிக்கு ஒரு விரிவுரையாளர் பணி கிடைக்கவில்லை. கற்பதைத் தடுப்பது பழைய முறை. கற்றவரைக் கைதட்டி அனுப்பிவிட்டு இடத்தைத் தராமல் இருப்பது புதிய முறை. இரண்டின் விளைவும் ஒன்றே.

மாறிய பெயர், கிடைத்த பணி

பின்னர் அவர் மோதிராம் பாவ்டேயைச் சாதி மறுத்து மணந்தார். குமுத் சோம்குவர், குமுத் பாவ்டே ஆனார். கணவரின் குடும்பப்பெயர் மகர் சாதியைக் காட்டாத, அதற்கு மேலானதாகக் கருதப்படும் சாதியின் பெயர். அதன் பிறகு அரசுக் கல்லூரியில் சமஸ்கிருத விரிவுரையாளர் பணி கிடைத்தது. பிற்காலத்தில் அமராவதியில் அத்துறையின் பேராசிரியராக விளங்கினார்.

இந்த இடத்தில்தான் குமுத் பாவ்டே தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே கடுமையான தீர்ப்பை வழங்குகிறார். தமக்கு வேலை கிடைத்ததற்கான பெருமை சோம்குவர் என்ற பெயரில் படித்த பெண்ணுக்குச் சேராது என்கிறார் அவர். கணவரின் பெயரோடு கணவரின் சாதியும் மனைவிக்கு வந்துவிட்டதாகச் சமூகம் எண்ணிக்கொண்டது; அந்த எண்ணத்திற்கே வேலை தரப்பட்டது; பிறந்த சாதி அப்படியே வெளியே நிற்கிறது. வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கையை, தோல்வியின் சான்றாக எழுதிவைக்கும் நேர்மை எளிதில் வாய்ப்பதன்று.

இன்னொன்றையும் அவர் கூர்ந்து கவனித்தார். மேடைகளில் தம்மைப் 'பண்டிதை' என்று அறிமுகப்படுத்துவோரின் வியப்பு அது. அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு பின்குறிப்பு ஒளிந்திருக்கிறது: 'இந்தச் சாதியில் பிறந்தும்!'

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் ஒப்பீட்டை எடுக்கலாம். திருவாரூரில் 1908-இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த வே.ராகவன், இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான சமஸ்கிருத அறிஞர்களில் ஒருவர். அம்மொழியில் கவிதையும் நாடகமும் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகச் சமஸ்கிருதத் துறையின் தலைவராக இருந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வைக் காவியமாக எழுதினார். சமஸ்கிருத நாடகங்களுக்காக 1958-இல் 'சமஸ்கிருத ரங்கம்' அமைப்பைத் தொடங்கினார். 1962-இல் பத்மபூஷண், 1966-இல் சாகித்திய அகாதெமி விருது. அவருடைய உழைப்பை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 'நீங்கள் எப்படிச் சமஸ்கிருதம் கற்றீர்கள்?' என்று அவரைப் பார்த்து எவரும் வியந்திருக்க மாட்டார்கள். அவருடைய அறிவு அவருடைய வீட்டுச் சொத்தாகக் கருதப்பட்டது. குமுத் பாவ்டேயின் அறிவு காட்சிப் பொருளாகப் பார்க்கப்பட்டது. ஒருவரின் அறிவு எப்போது வியப்பை ஏற்படுத்தாமல் போகிறதோ, அப்போதுதான் அவர் சமமாக நடத்தப்படுகிறார்.

அம்பேத்கரின் பெயரால்

குமுத் பாவ்டே பிறந்த அதே நாக்பூரில், 2021 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கரின் பிறந்தநாளில் நடந்த விழா ஒன்றில் அன்றைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எஸ்.ஏ.போப்டே பேசினார். சமஸ்கிருதத்தை அலுவல் மொழியாக்க அம்பேத்கர் முன்மொழிவு தயாரித்திருந்தார் என்பதை அவர் நினைவுகூர்ந்தார். 1949 செப்டம்பரில் அத்தகைய திருத்தத்திற்கு அம்பேத்கர் ஆதரவளித்தார் என்று அன்றைய நாளேடுகளில் செய்தி வந்தது உண்மை. இன்று சமஸ்கிருத ஆதரவாளர்கள் இச்செய்தியைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள்.

அவர்கள் எடுக்காத பக்கம் ஒன்று உண்டு. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அதே அம்பேத்கருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் படிக்க நேர்ந்தது. பின்னாளில் தம் சொந்த முயற்சியால் அம்மொழியை அணுகினார். 'சூத்திரர்கள் யார்?' என்ற நூலை 1946-இல் வெளியிட்டபோது, சமஸ்கிருதப் புலமை இல்லாதவர் இதைப் பற்றி எழுதலாமா என்ற வினாவை எதிர்பார்த்து முன்னுரையிலேயே அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. முதலில் கற்க விடாமல் தடுப்பது, பிறகு கற்கவில்லையே என்று தகுதியை வினவுவது: இந்த இரட்டைப் பூட்டைக் குறிப்பிடாமல் அம்பேத்கரின் பெயரைச் சமஸ்கிருதத்திற்குச் சான்றாக்குவது, அவரை மீண்டும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டில் இந்த மரபுக்கு நமக்கென்றே ஒரு முன்னோடி இருக்கிறார். 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் தமிழோடு வடமொழியும் பாலியும் அறிந்தவர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். வேஷ பிராமணர், யதார்த்த பிராமணர் என்று அவர் பிரித்துக் காட்டியது, அந்த மொழியின் சொற்களுக்குள்ளேயே புகுந்து அதன் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட செயல். வடமொழி அவருக்கு வழிபாட்டுப் பொருளாக இல்லை. வழக்குமன்ற ஆவணமாக இருந்தது. எதிராளியின் பத்திரத்தைத் தாமே படித்துப் பார்ப்பவரை ஏமாற்ற இயலாது. 'நமக்கு எதற்கு?' என்று கேட்ட மாணவருக்கு நம் முதல் விடை இதுதான்.

கதவு இன்னும் அங்கேயே

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கலாமா? அண்மை ஆண்டுகள் அதற்கு இடம் தரவில்லை.

2019 நவம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருத வித்யா தர்ம விஞ்ஞானப் புலத்தில் ஃபிரோஸ் கான் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவர் முஸ்லிம் என்பதற்காக மாணவர்கள் சிலர் போராட்டத்தில் அமர்ந்தனர். பல்கலைக்கழகம் அவருடைய நியமனம் முறையானது என்றே சொன்னது. ஆயினும் டிசம்பரில் அவர் அந்தப் பதவியிலிருந்து விலகி, கலைப் புலத்தின் சமஸ்கிருதத் துறைக்குச் சென்றார். அவருடைய தந்தை பஜனைப் பாடகர், சமஸ்கிருதம் அறிந்தவர். மொழிப்பற்றோ புலமையோ அங்கே குறையவில்லை. பிறப்பே கணக்கில் எடுக்கப்பட்டது.

2025-இன் இறுதியில் கேரளப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த தலித் மாணவர் ஒருவருக்கு அம்மொழி தெரியாது என்று மூத்த பேராசிரியர் ஒருவர் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். தம்மைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினார் என்று மாணவர் புகார் அளித்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். சமஸ்கிருதத் துறைக்குள் நுழைந்த தலித் ஒருவரின் தகுதி இன்றும் எந்த இடத்தில் விசாரணைக்கு வருகிறது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம்.

தமிழ்நாடும் விதிவிலக்கன்று. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற முயற்சி 1970-இல் தொடங்கியது. 2006-இல் அரசாணை வந்தது. 200-க்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றனர். பின்னர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை வழங்கப்பட்டது. பட்டியல் சாதியினரும் அவர்களில் இருந்தனர். நமக்கு அருகிலுள்ள சேலம் சுகவனேசுவரர் கோயில் தொடர்பான வழக்கில், ஆகமத் தேர்ச்சி இருந்தால் அர்ச்சகர் நியமனத்தில் சாதிக்கு இடமில்லை என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆகமக் கோயில் நியமனங்களில் இருந்த நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மந்திரம் கற்றாயிற்று, தேர்வும் எழுதியாயிற்று, கருவறை வாசலில் காத்திருப்பு தொடர்கிறது. பட்டத்தோடு வேலைக்குக் காத்திருந்த குமுத் சோம்குவரின் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் ஊரில் தெருவே குடும்பப்பெயர்

நாமக்கல் மலையிலுள்ள அரங்கநாதர் குடைவரையில், அதியர் மரபினர் காலத்து வடமொழிக் கல்வெட்டுகள் கிரந்த எழுத்தில் உள்ளன. அக்குடைவரையை அவை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று அழைக்கின்றன. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக இந்தச் சமவெளியில் சமஸ்கிருதம் கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லை வெட்டிக் குடைந்த கைகளின் வழிவந்தோர் அந்த எழுத்தைப் படிக்கும் உரிமை பெற எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லாது.

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தேறிக் கல்லூரிக்குச் செல்லும் நம் மாணவர்களுக்கு வட நாட்டைப் போலச் சாதிக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. சுயமரியாதை இயக்கத்தின் பேறு அது. ஆனால் சாதி தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. 'எந்த ஊர்?' என்ற முதல் கேள்விக்கு விடை வந்ததும், 'அங்கே எந்தப் பக்கம்?' என்ற இரண்டாம் கேள்வி வந்துவிடுகிறது. தெருவின் பெயரைச் சொன்னால் போதும். குடும்பப்பெயர் செய்யும் வேலையைத் தெரு செய்துவிடும். விடுதி அறையிலும், வாடகை வீட்டு வாசலிலும், வேலைக்கான நேர்காணலிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத தலித் மாணவர் இந்தச் சமவெளியில் அரிது.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் குமுத் பாவ்டேயின் வாழ்க்கை நமக்கொரு எச்சரிக்கையையும் தருகிறது. பெயர் மாறியதும் அவருக்கு வேலை கிடைத்தது. அவருடைய சாதிக்குக் கிடைக்கவில்லை. தெருவின் பெயர்ப்பலகை மாறி, அந்தத் தெரு ஊருக்கு வெளியே அதே இடத்தில், அதே சுடுகாட்டுப் பாதையோடு நீடித்தால், புதிய பெயரும் சில ஆண்டுகளில் பழைய பொருளையே சுமக்கத் தொடங்கும்.

நாம் கேட்க வேண்டியவை

சமஸ்கிருதம் கற்றால் சாதி போய்விடும் என்பார் சிலர். கற்றுத் தேர்ந்து, கற்பித்து, ஓய்வும் பெற்ற ஒருவரின் வாக்குமூலம் அதை மறுக்கிறது. சமஸ்கிருதத்தை விலக்கினாலே சாதி போய்விடும் என்பார் வேறு சிலர். அந்த மொழியின் ஓர் எழுத்தும் அறியாத நம் ஊர்களில் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் சாதி நல்ல தமிழில் பேசுகிறது. ஆகவே மொழிச் சண்டையின் இரு தரப்பாரும் நம் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மூன்று சமஸ்கிருத நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களாயின. அவை உள்ளிட்ட சமஸ்கிருத நிறுவனங்களில் பேராசிரியர், இணைப் பேராசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன? 'தகுதியானவர் இல்லை' என்று எத்தனை இடங்கள் காலியாக விடப்பட்டன? அதே கேள்வியை நம் மாநிலத்தின் தமிழ்த் துறைகளை நோக்கியும், வரலாற்றுத் துறைகளை நோக்கியும் கேட்போம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் சாதிய இழிவுக்கு உள்ளாகும் மாணவர் புகார் அளிக்க, துறைக்குக் கட்டுப்படாத அமைப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறதா என்று கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கோடிகளின் கணக்கை வெளிக்கொணர்ந்தது. நாற்காலிகளின் கணக்கையும் அதே சட்டத்தால் வெளிக்கொணரலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். ஒரு கல்லூரி மாணவர் குழுவால் ஆகக்கூடிய வேலை இது.

தலித் பெண்களின் அமைப்புகளில் தொடர்ந்து இயங்கிய குமுத் பாவ்டே, தம் பதவியை விடுதலையின் சின்னமாக ஏற்க மறுத்தார். ஒருவர் உள்ளே சென்றதைக் கொண்டாடும்போது, அவருக்குப் பின் கதவு சாத்தப்பட்டதா, திறந்து வைக்கப்பட்டதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நாளை எருமப்பட்டியிலிருந்து ஒரு பெண் சமஸ்கிருதமோ சட்டமோ வானியலோ கற்று வருவாள். தன் தெருவின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்லி, அதன் பின்னும் அவள் அந்த நாற்காலியில் அமர வேண்டும். அதுவரை சோம்குவர் என்ற பெயருக்குக் கிடைக்காத வேலை நம் கணக்கில் பாக்கியாகவே நிற்கிறது.